கடல் இல்லாத துறைமுகம்: பாடாங் பெசாரும் நம் இரயில் வரலாறும்



பாடாங் பெசார் என்றால் நம்மில் பலருக்கு ஹாட்யாய் போகிற வழி. பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு போய் மலிவு விலையில் துணிமணி, தின்பண்டம் வாங்கி வருகிற எல்லைப் பட்டணம். இரயில் நிலையத்திலேயே இரண்டு நாட்டுக் குடிநுழைவு அதிகாரிகளும் இருப்பார்கள். கடப்பிதழில் முத்திரை வாங்கிக்கொண்டு அடுத்த இரயிலில் ஏறிவிடுவோம். ஆனால் நிலையத்தின் மேம்பாலத்தில் நின்று கீழே பார்த்தால் வேறொரு காட்சி தெரியும். வரிசை வரிசையாகக் கொள்கலன்கள். அவற்றைத் தூக்கி இறக்கும் பெரிய எந்திரங்கள். தண்டவாளத்தில் காத்து நிற்கும் சரக்குப் பெட்டிகள். அதுதான் பாடாங் பெசார் சரக்கு முனையம். 1984-இல் தொடங்கியது. நடத்துவது கே.டி.எம். நிறுவனம், அதாவது முழுக்க முழுக்க அரசாங்கத்துக்குச் சொந்தமான நம் இரயில் நிறுவனம். மலேசியாவின் உள்நாட்டுத் துறைமுகங்களில் இதுதான் மூத்தது. ஈப்போவில் 1989-இலும், நீலாயில் 1995-இலும், சிகாமட்டில் 1998-இலும் மற்றவை வந்தன.

வரலாற்றுப் பாடத்தில் நாம் ஈயம் சொல்கிறோம், ரப்பர் சொல்கிறோம், முதல் இரயில் பாதை சொல்கிறோம். ஒவ்வொன்றும் தனித்தனிப் பாடமாகவே போய்விடுகிறது. இந்த மூன்றையும் ஒரே கயிற்றில் கோத்துக் காட்ட பாடாங் பெசார் நல்ல இடம். அதற்கு உதவியாகத்தான் இந்தக் கட்டுரை.

பெயரில் ஒரு சின்னச் சிக்கல்

துறை என்றாலே தண்ணீருக்குள் இறங்குகிற இடம். படித்துறை, பரிசல்துறை என்கிறோம். அப்படியிருக்க, கடலும் இல்லாத ஆறும் இல்லாத இடத்தைத் துறைமுகம் என்று சொன்னால் மாணவன் கேட்கத்தான் செய்வான், “கப்பல் எங்கே சார் வரும்?” என்று. நல்ல கேள்வி. அதை அடக்கிவிடாமல் அங்கிருந்தே பாடத்தைத் தொடங்கலாம்.

மலாயில் இதைப் ‘பெலாபுஹான் டாராட்’ என்கிறார்கள். தமிழில் உலர் துறைமுகம் என்றும் உள்நாட்டுத் துறைமுகம் என்றும் எழுதுகிறோம். இரண்டுமே சரி. விளக்கம் ரொம்ப எளிது. துறைமுகத்தில் நடக்கிற வேலைகளில் கப்பலை ஒட்டிய வேலை ஒரு பகுதிதான். சரக்கைக் கொள்கலனில் அடுக்குவது, சுங்கச் சோதனை, வரி கட்டுவது, முத்திரை வைப்பது, கப்பல் வரும்வரை பாதுகாப்பாக வைத்திருப்பது எல்லாம் கரையில் நடப்பவை. இவற்றைக் கடற்கரையில்தான் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நூறு, இருநூறு கிலோமீட்டர் உள்ளே தள்ளி வைத்துக்கொண்டு, அங்கிருந்து இரயிலிலோ லோரியிலோ நேரே கப்பலடிக்கு அனுப்பலாம். ‘கஸ்தாம்’ வேலையை முன்கூட்டியே முடித்துவிட்டதால் துறைமுக வாசலில் நெரிசல் குறையும். சரக்கு அனுப்புகிறவருக்கும் துறைமுகமே தன் ஊருக்கு வந்துவிட்ட மாதிரி.

2013-இல் ஐக்கிய நாடுகள் சபையின் ஆசிய பசிபிக் ஆணையம் உலர் துறைமுகங்களுக்கென்று நாடுகளுக்கிடையே ஓர் உடன்பாடே கொண்டுவந்தது. அதன் விளக்கமும் கிட்டத்தட்ட இதேதான்: உள்நாட்டில், போக்குவரத்துப் பாதையோடு இணைந்து, சரக்கைக் கையாளவும் சேமிக்கவும் சட்டப்படி சோதிக்கவும் வசதியுள்ள இடம்.

சரி, தாய்லாந்துச் சரக்கு ஏன் பாடாங் பெசாருக்கு வர வேண்டும்? வரைபடத்தை விரித்தால் பதில் கிடைத்துவிடும். தென் தாய்லாந்தில் ரப்பர் நிறைய. ஹாட்யாயிலிருந்து பேங்காக் 900 கிலோமீட்டருக்கும் மேலே. பக்கத்தில் உள்ள சொங்க்லா துறைமுகம் ஆழம் குறைந்தது. பெரிய கப்பல் அணைய முடியாது. ஆனால் ஹாட்யாயிலிருந்து பாடாங் பெசார் சுமார் 45 கிலோமீட்டர்தான். அங்கிருந்து பட்டர்வொர்த் 170 கிலோமீட்டர் அளவு. எதிரிலேயே மலாக்கா நீரிணை, உலகக் கப்பல்கள் ஓடுகிற பெரிய சாலை. ஆகவே தென் தாய்லாந்தின் ரப்பரும் ரப்பர் மரமும் தன் நாட்டுத் தலைநகரை விட்டுவிட்டுப் பினாங்கு வழியாக உலகத்துக்குப் போகின்றன. எல்லைக்கோடு ஒன்று சொல்கிறது, நிலம் ஒன்று சொல்கிறது. வணிகம் நிலத்தின் பேச்சைக் கேட்கிறது.

முதலில் வந்தது கடலுக்குப் போகிற பாதை

நம் நாட்டின் முதல் இரயில் பாதை 1885 ஜூன் 1-இல் திறக்கப்பட்டது. தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை, சுமார் 13 கிலோமீட்டர். ஈயத்தைக் கடலுக்குக் கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். அந்தப் பாதையைப் போட இலங்கையிலிருந்து முன்னோடிப் படை எனப்பட்ட தொழிலாளர் அணிகள் வரவழைக்கப்பட்டன. அடுத்த ஆண்டே, 1886-இல், கோலாலம்பூரிலிருந்து கிள்ளானை நோக்கி இன்னொரு பாதை. 1901-இல் போர்ட் சுவெட்டன்ஹாம் திறக்கப்பட்டது. இன்றைய கிள்ளான் துறைமுகம் அதுதான்.

இந்தத் தொடக்கப் பாதைகளை வரைபடத்தில் கோடு போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றோடொன்று சேரவே சேராது. ஒவ்வொன்றும் சுரங்கத்திலிருந்து கடலுக்கு, சுரங்கத்திலிருந்து கடலுக்கு என்று குறுக்கே ஓடும். ஊரை ஊரோடு இணைக்கப் போடப்பட்ட பாதைகள் அல்ல என்பது மாணவர்களுக்கே புரிந்துவிடும். வடக்கும் தெற்குமாக நீண்ட பாதை பிறகுதான் வந்தது. பிறையிலிருந்து சிரம்பான் வரை 1903-இல் இணைந்தது. ஜோகூர் பாருவை 1909-இல் எட்டியது.

போர்ட் வெல்டின் இன்றைய பெயர் கோலா செபெத்தாங். அங்கே இரயிலும் இல்லை, தண்டவாளமும் இல்லை. ஆனால் பழைய நிலையப் பெயர்ப்பலகை மட்டும் நின்றுகொண்டிருக்கிறது. ஆங்கிலம், ஜாவி, சீனம், அதோடு தமிழ். அந்தப் பாதையில் யாரெல்லாம் வேலை செய்தார்கள், யாரெல்லாம் பயணம் போனார்கள் என்பதற்கு அந்தப் பலகையே ஒரு சான்று.

நம் தாத்தா பாட்டிமார் தண்டவாளத்தைக் ‘கம்பிச்சடக்கு’ என்பார்கள். சாலை சடக்கு, இது கம்பியால் ஆன சடக்கு. இந்தச் சொல் அகராதியிலிருந்து வந்ததல்ல. அந்தப் பாதையில் நடந்தவர்களும் அதைப் பழுதுபார்த்தவர்களும் தங்கள் வாயாலே செய்துகொண்ட சொல். கூட்டரசு மலாய் மாநிலங்களின் இரயில்வேயில் தண்டவாள வேலையாட்கள் பெரும்பாலும் தமிழர். நிலைய அதிகாரி, எழுத்தர் வேலைகளில் யாழ்ப்பாணத் தமிழர் பலர். செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் இரயில்வே ‘கோட்டர்ஸ்’ வாழ்க்கை என்று ஒன்று உருவானதும் இப்படித்தான்.

எல்லையைத் தாண்ட வைத்த கடன்

இனி வடக்கே போவோம். 1909 மார்ச் 10-இல் பிரிட்டனும் சயாமும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரெங்கானு ஆகிய நான்கு மாநிலங்களின் மீதிருந்த உரிமையைச் சயாம் பிரிட்டனுக்கு விட்டுக்கொடுத்தது. இது நம் பாடநூலில் வருகிற செய்திதான். அதோடு ஒட்டிய இன்னொரு செய்தியை நாம் அதிகம் சொல்வதில்லை. சயாம் தன் தென்பகுதி இரயில் பாதையைக் கட்டி மலாயாவோடு இணைக்க 40 லட்சம் பவுன் கடன் கொடுக்கப்பட்டது. வட்டி 4 விழுக்காடு. கொடுத்தது இலண்டன் கருவூலம் அல்ல, கூட்டரசு மலாய் மாநிலங்களின் அரசாங்கம்.

அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? அன்றைக்குக் கூட்டரசு மாநிலங்களின் வருமானத்தில் ஈய ஏற்றுமதி வரிக்குப் பெரிய இடம். ரப்பர் அப்போதுதான் தலைதூக்கிக்கொண்டிருந்தது. ஈயச் சுரங்கத்தில் இறங்கியவர்கள் பெரும்பாலும் சீனர்; ஈயம் ஏறிப்போன பாதையைப் போட்டவர்களும் பராமரித்தவர்களும் பெரும்பாலும் தமிழர்; நிலமோ மலாய் மாநிலங்களுடையது. இவர்கள் எல்லாருடைய உழைப்பும் வளமும் சேர்ந்துதான் சயாமுக்குக் கடனாகப் போனது. கேட்டுவிட்டுக் கொடுத்தார்களா என்றால், இல்லை. குடியேற்ற ஆட்சியின் கணக்கு அப்படித்தான் ஓடியது.

இந்த இணைப்பில் தொழில்நுட்ப நுணுக்கம் ஒன்று உண்டு. மலாயாவின் தண்டவாள அகலம் 1,000 மில்லிமீட்டர், அதாவது ஒரு மீட்டர். சயாமில் பேங்காக்கிலிருந்து வடக்கே போன பாதைகள் 1,435 மில்லிமீட்டர் அகலத்தில் போடப்பட்டிருந்தன. ஆனால் தென்பாதை மீட்டர் அகலத்தில் கட்டப்பட்டது. பிறகு சயாம் தன் வடபாதைகளையும் மீட்டர் அகலத்துக்கே மாற்றியது. அந்த வேலை 1930-இல் முடிந்தது. அகலம் ஒன்றாக இல்லாவிட்டால் எல்லையில் ஒவ்வொரு மூட்டையையும் இறக்கி அடுத்த இரயிலில் ஏற்ற வேண்டும். ஒன்றாக இருந்தால் பெட்டி அப்படியே உருண்டு போகும். இன்றைக்குப் பாடாங் பெசாரில் தாய்லாந்துச் சரக்கு இரயில் நம் முனையத்துக்குள்ளேயே வந்து நிற்க முடிகிறதென்றால், நூறு ஆண்டுகளுக்கு முன் எடுத்த அந்த முடிவுதான் காரணம்.

கெடா பாதை 1915-இல் அலோர் ஸ்டாரை அடைந்தது. 1918-இல் பாடாங் பெசாரை எட்டி, அதே ஆண்டு ஜூலை 1-இல் இரண்டு நாட்டுப் பாதைகளும் இணைந்தன. கிளந்தான் பக்கம் சுங்கை கோலோக்கில் போடப்பட்ட இன்னோர் இணைப்பில் இன்று இரயில் ஓடுவதில்லை. ஆகவே இரு நாட்டுக்கும் இடையே இரயில் கடக்கிற வாசல் பாடாங் பெசார் ஒன்றுதான்.

1943: அதே பாதை, அதே சரக்குப் பெட்டி

இந்தப் பகுதியைச் சொல்லாமல் பாடாங் பெசாரின் கதையைச் சொன்னால் பாதிக் கதைதான் சொன்னதாகும்.

சப்பான்காரன் காலத்தில், தாய்லாந்தின் நோங் பிளாடுக் தொடங்கி பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் இரயில் பாதை போட ஆள் தேவைப்பட்டது. 1943-இல் மலாயாவின் தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரம் பேர் கொண்டுபோகப்பட்டார்கள். வேலை, சம்பளம், அரிசி என்று ஆசை காட்டியும் கொண்டுபோனார்கள், வலுக்கட்டாயமாகவும் பிடித்துப்போனார்கள். மலாயாவிலிருந்து போனவர்கள் 75,000-க்கும் மேல் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அவர்களில் பெரும்பாலோர் தமிழர்.

எப்படிப் போனார்கள்? இரயிலில். ஆள் ஏறுகிற பெட்டியில் அல்ல, சாமான் ஏற்றுகிற மூடிய சரக்குப் பெட்டியில். எந்த வழியாக? பாடாங் பெசார் வழியாக, ஹாட்யாய் கடந்து, பேங்காக்குக்கு மேற்கே இருக்கிற பான் போங் வரை. நாள்கணக்கில் பயணம். அங்கிருந்து காட்டு முகாம்களுக்கு நடை. தங்கள் அப்பன் பாட்டன் போட்டுப் பழுதுபார்த்த கம்பிச்சடக்கிலேயே அவர்கள் சரக்காக ஏற்றிச் செல்லப்பட்டார்கள்.

பாதை 1943 அக்டோபர் 17-இல் முடிந்தது. நேச நாட்டுப் போர்க்கைதிகளில் சுமார் 12,000 பேர் இறந்தனர். காஞ்சனாபுரி போர்க் கல்லறையில் ஏறக்குறைய 7,000 பேருக்கு ஒழுங்கான கல்லறை, பெயர்ப்பலகை எல்லாம் உண்டு. ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் அதைவிடப் பல மடங்கு. சரியான எண்ணிக்கையில் ஆய்வாளர்கள் இன்னமும் ஒத்துப்போகவில்லை. பெரும்பாலோருக்குக் கல்லறையும் இல்லை, பெயரும் இல்லை.

இப்போது மேம்பாலத்திலிருந்து தெரிகிற கொள்கலன்களை மறுபடி நினைத்துப் பாருங்கள். ஒவ்வொன்றின் மேலும் நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் எழுதியிருக்கும். உலகத்தில் எங்கே போனாலும் அந்தப் பெட்டிக்கு அதுதான் பெயர். யாருடையது, எங்கே ஏறியது, எங்கே இறங்கியது என்று தேடிக் கண்டுபிடித்துவிடலாம். ஒரு ரப்பர் பெட்டிக்கு இன்றைக்கு இருக்கிற பதிவு, அன்றைக்கு அதே தண்டவாளத்தில் போன பால்மரத் தொழிலாளிக்கு இல்லை. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவலை மேல்நிலை மாணவர்களுக்கு நாம் அறிமுகப்படுத்துவதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

மூட்டையிலிருந்து பெட்டிக்கு

போருக்குப் பிறகு வணிகத்தையே மாற்றிப்போட்டது கொள்கலன். 1956-இல் அமெரிக்காவில் மால்கம் மெக்லீன் என்பவர் ஒரே அளவான பெட்டிகளைக் கப்பலில் ஏற்றி அனுப்பினார். அதுவரை துறைமுகம் என்றால் தோளில் மூட்டை. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் அந்த மூட்டைகளைச் சுமந்தவர்களில் நம்மவர்கள் நிறைய. பெட்டி வந்த பிறகு, நூறு பேர் நாள் முழுக்கச் செய்த வேலையைச் சில பேர் எந்திரத்தில் உட்கார்ந்து முடித்தார்கள். 1973-இல் கிள்ளான் துறைமுகத்தில் கொள்கலன் முனையம் திறந்தது. தோள் வலி போனது உண்மை. அதோடு பலருக்கு வேலையும் போனது.

உள்நாட்டுத் துறைமுகம் சாத்தியமானதும் இதே பெட்டியால்தான். ஈப்போவில் முத்திரை வைத்த பெட்டியைக் கிள்ளானில் திறக்க வேண்டியதில்லை; அப்படியே கப்பலில் ஏற்றலாம். முத்திரை உடையாமல் இருந்தால் அதிகாரிக்கு நம்பிக்கை. அந்த நம்பிக்கையின் மேல்தான் இந்த ஏற்பாடு முழுவதும் நிற்கிறது. 1992-இல் இரயில்வே துறை கே.டி.எம். பெர்ஹாட் என்ற நிறுவனமானது. ஆனாலும் உரிமை அரசாங்கத்திடமே இருந்தது. ஈப்போவிலிருந்து பாடாங் பெசார் வரை 329 கிலோமீட்டர் மின்சார இரட்டைப் பாதை போடப்பட்டு, 2015-இல் இ.டி.எஸ். இரயில் பாடாங் பெசார் வரை ஓடத் தொடங்கியது.

இவ்வளவு வசதி வந்த பிறகும் நாட்டின் சரக்கில் பெரும்பகுதி லோரியில்தான் போகிறது. லோரி வாசலுக்கே வரும், நேரம் காலம் பார்க்காது. இரயிலுக்கு ஏற்ற ஒரு தடவை, இறக்க ஒரு தடவை என்று கூடுதல் வேலை. ஆனால் ஓர் இரயில் பல பத்து லோரிகளின் சுமையை ஒரே நடையில் இழுக்கும். சாலை தேயாது, புகையும் குறைவு. தூரம் நீண்டால் இரயிலுக்கு ஆதாயம், தூரம் குறைந்தால் லோரிக்கு ஆதாயம். உள்நாட்டுத் துறைமுகம் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதனால்தான் அரசாங்கத்தின் கை இதில் தேவைப்படுகிறது. தண்டவாளம், சுங்கம், எல்லை மூன்றும் அரசாங்கத்தின் கையில் இருப்பவை. எந்தத் தனியார் முதலாளியும் தனியாக நின்று இவற்றை இணைக்க முடியாது.

வகுப்பறைக்குச் சில குறிப்புகள்

முதலில், ஒரு வெற்று வரைபடம் கொடுத்து 1885, 1886, 1903, 1909, 1918 ஆகிய ஆண்டுகளின் பாதைகளை வெவ்வேறு நிறத்தில் வரையச் சொல்லலாம். ‘பாதை ஏன் கடலை நோக்கி ஓடியது? பிறகு ஏன் திசை மாறியது?’ என்று மட்டும் கேளுங்கள். பதிலை நாம் சொல்ல வேண்டாம். உயர்நிலைச் சிந்தனைக் கேள்வி என்று தனியாக ஒன்றைத் தேடவும் வேண்டாம்.

அடுத்து, சொல் வேட்டை. கம்பிச்சடக்கு, கோட்டர்ஸ், கஸ்தாம், லோரி போன்ற சொற்களை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவரச் சொல்லலாம். இரயில்வேயில், துறைமுகத்தில், பொதுப்பணித் துறையில் வேலை செய்த பாட்டன்மார் இன்னும் சில வீடுகளில் இருக்கிறார்கள். பிள்ளைகள் கேட்டால் சொல்வார்கள். கேட்க ஆளில்லாமல் போனால் அந்தச் சொற்களும் அவர்களோடு போய்விடும்.

மூன்றாவது, உயர்வகுப்புகளுக்கு ஒரு விவாதம்: ‘எந்திரம் வந்ததால் துறைமுகத் தொழிலாளிக்குக் கிடைத்தது அதிகமா, இழந்தது அதிகமா?’ இரண்டு பக்கத்துக்கும் நியாயம் இருக்கிற தலைப்பு. ஒரே பக்கம் எல்லாரும் சாய்ந்துவிட மாட்டார்கள்.

நான்காவது, வடக்கே கல்விச் சுற்றுலா போகிற பள்ளிகளுக்கு. கடைத்தெருவுக்குப் போவதற்கு முன்னால் நிலைய மேம்பாலத்தில் பிள்ளைகளை ஐந்து நிமிடம் நிற்க வையுங்கள். ஏதாவது ஒரு கொள்கலனின் எண்ணைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிறகு, 1943-இல் இதே தண்டவாளத்தில் மூடிய பெட்டிக்குள் இருந்துகொண்டு வடக்கே போனவர்களைப் பற்றிச் சொல்லுங்கள். தங்கள் குடும்பத்தில் யாராவது ‘சயாமுக்குப் போனவர்’ உண்டா என்று வீட்டில் கேட்டுவரச் சொல்லுங்கள். ஒரு வகுப்பில் ஒரே ஒரு பிள்ளை ஒரு பெயரைக் கொண்டுவந்தாலும் போதும். அந்தப் பெயரைக் கரும்பலகையில் எழுதுங்கள்.